பொயிலர் காப்புறுதி எடுப்பதா, விடுவதா?

வாசகர் கேள்விகளுக்கு ஒரு காஸ் என்ஜினியரின் பதில்கள்

ஒக்டோபர் பிறந்தால் போதும், எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டைச் சூடாக்கும் பொயிலரைப் பற்றித்தான். இந்த முறை பலரும் கேட்டிருப்பது காப்புறுதியை. நான் வடமேற்கு லண்டனில் பொயிலர் பூட்டுவதும் திருத்துவதுமாக வாழ்கிறவன். காஸ் வேலைக்குச் சட்டப்படி தேவையான காஸ் சேஃப் பதிவு வைத்திருக்கிறேன். எந்தக் காப்புறுதி நிறுவனத்துக்கும் ஆள் சேர்த்துக் கொடுப்பவன் அல்ல. நிறுவனம் கைவிரித்த பிறகு என்னைக் கூப்பிட்ட வீடுகள் உண்டு. காப்புறுதி இருந்ததால் ஒரு சதம் செலவில்லாமல் தப்பிய வீடுகளும் உண்டு. அதனால் எல்லாருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. கடிதம் எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் போடுகிறேன்.

*

அண்ணா, நாங்கள் 1930களில் கட்டிய செமி வீட்டில் இருக்கிறோம். வோர்ஸ்டர் நிறுவனத்தின் கொம்பி பொயிலர், சூடும் சுடுதண்ணீரும் அதிலேதான், பூட்டி ஒன்பது வருடம். மாதம் 23 பவுண்ட்ஸ், ஆள் வரும் ஒவ்வொரு முறையும் 60 பவுண்ட்ஸ் எக்ஸஸாக நாங்களே கட்ட வேண்டும் என்று ஒரு காப்புறுதிக் கவர் கிடைக்கிறது. எடுப்போம் என்கிறேன் நான். அந்தக் காசைச் சேர்த்து வைக்கலாம் என்கிறார் கணவர். இருவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டில் 76 வயது மாமியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, ஹாரோ

தங்கச்சி, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். மாதம் 23 என்றால் வருடத்துக்கு 276 பவுண்ட்ஸ். ஐந்து வருடத்துக்கு 1,380. அதற்குள் இரண்டு தடவை ஆளைக் கூப்பிட்டால் எக்ஸஸ் 120 சேர்ந்து 1,500. விலை ஏறாமல் நின்றால்தான் இந்தக் கணக்கு. முதல் வருட விலை பல இடங்களில் சலுகை விலை. அடுத்த வருடம் புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதத்தில்தான் உண்மை விலை தெரியும்.

இனி மற்றப் பக்கம். லண்டனில் தனியாக ஒரு என்ஜினியரைக் கூப்பிட்டால் வந்து பார்ப்பதற்கு 80 முதல் 120 பவுண்ட்ஸ் வரை போகும். சூட்டை ரேடியேற்றருக்கோ குழாய்த் தண்ணீருக்கோ திருப்பிவிடும் டைவேர்ட்டர் வால்வ் மாற்ற, பாகமும் கூலியும் சேர்த்து 200இலிருந்து 300. ஃபான் போனால் 250இலிருந்து 350. பிசிபி என்கிற மின்சுற்றுப் பலகை போனால் 300இலிருந்து 450. இவை நான் அன்றாடம் பார்க்கும் விலைகள், வேறு ஊரில் கொஞ்சம் குறையும். ஒன்பது வயதுப் பொயிலரில் அடுத்த சில வருடத்துக்குள் இவற்றில் ஒன்று பழுதாகலாம், இரண்டும் ஆகலாம். எல்லாம் வரிசையாகப் போவது அரிது. காசுக் கணக்கு மட்டும் என்றால் உங்கள் கணவர் சொல்வதுதான் சரி.

ஆனால் அவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள். அந்த 23 பவுண்ட்ஸை மாதாமாதம் வேறு கணக்கில் உண்மையாகவே போடுவாரா? பொயிலர் பழுதாகும் அன்று கையில் 450 பவுண்ட்ஸ் இருக்க வேண்டும். இரண்டு மாதம் போட்டு, மூன்றாம் மாதம் அதை எடுத்துப் பிறந்தநாள் விழா செய்தால் அது சேமிப்பு அல்ல. அவருடைய வழிக்குப் போவதானால் இன்றைக்கே 450ஐ ஒதுக்கிவிட்டு, அதற்கு மேல் மாதாந்தம் போடச் சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பொயிலருக்கு இன்னும் சில வருடத்தில் மாற்றுப் பொயிலர் தேவைப்படும். லண்டனில் பூட்டுக்கூலியோடு ஒரு கொம்பி 2,200 முதல் 3,500 பவுண்ட்ஸ் வரை. அந்தக் காசு பெரும்பாலும் காப்புறுதியிலிருந்து வராது. பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். திருத்தக் கட்டுப்படியாகாது என்று நிறுவனத்தின் ஆள் எழுதிவிட்டால், ஒப்பந்தத்தைப் பொறுத்துச் சில நூறு பவுண்ட்ஸ் தருவார்கள். ஒன்றுமே தராத ஒப்பந்தமும் இருக்கிறது.

காப்புறுதி எடுக்க முன் இன்னொரு வேலை இருக்கிறது. பொயிலர் பூட்டியபோது தந்த கடதாசிகளைத் தேடி எடுங்கள். வோர்ஸ்டர், வைலண்ட், ஐடியல் போன்ற தயாரிப்பாளர்கள் மாடலையும் பூட்டியவரையும் பொறுத்து 5, 7, 10 வருடம் என்று உத்தரவாதம் தருகிறார்கள். உங்களுடையது 10 வருடமாக இருந்தால் இன்னும் ஒரு வருடம் பாக்கி. உள்ளே எந்தப் பாகம் போனாலும் தயாரிப்பாளரின் சொந்த என்ஜினியர் வந்து சும்மா மாற்றித் தருவார். அதே பாகங்களுக்கு மாதம் 23 கொடுப்பது ஒரே பொருளை இரண்டு தரம் வாங்குவது. ஆனால் அந்த உத்தரவாதம் வருடா வருடம் சேர்விஸ் செய்திருந்தால்தான் செல்லும். பெஞ்ச்மார்க் என்ற சேர்விஸ் புத்தகம் பொயிலரோடு வந்திருக்கும், அதில் ஒவ்வொரு வருடமும் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். புத்தகம் கிடைக்காவிட்டால் பொயிலரின் சீரியல் நம்பரை வைத்துத் தயாரிப்பாளரிடம் தொலைபேசியில் கேட்கலாம், சொல்லுவார்கள்.

மாமியையும் குழந்தையையும் பற்றிய உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. கொம்பி நின்றால் சூடும் இல்லை, சுடுதண்ணீரும் இல்லை. சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் பழைய வீடுகளில், தாங்கிக்குள் மின்சாரத்தால் சூடாக்கும் இம்மேர்ஷன் ஹீற்றரைப் போட்டு ஒருமாதிரிச் சமாளிக்கலாம், கொம்பி வீட்டில் அதுவும் இல்லை. ஆனால் “24 மணி நேரம்” என்று விளம்பரத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் தொலைபேசியை எடுப்பதைத்தான். ஆள் எப்போது வருவார் என்பது வேறு. கடுங்குளிர் விழுந்த கிழமையில் எல்லா வீட்டுப் பொயிலரும் ஒன்றாக நிற்கும், அப்போது இரண்டு மூன்று நாள் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் காப்புறுதி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் எண்ணெய் நிரப்பிய மின்சார ரேடியேற்றர் ஒன்று வாங்கி வையுங்கள். 2 கிலோவாட் ஒன்று ஓடினால் இப்போதைய மின்விலையில் மணிக்கு ஏறக்குறைய 50 பென்ஸ் ஆகும். மாமியும் குழந்தையும் இருக்கும் அறையைச் சூடாக வைத்திருக்க அது போதும். அதை நேராகச் சுவர்ப் பிளக்கில் போடுங்கள், எக்ஸ்டென்ஷன் வயரில் போடாதீர்கள்.

என்னுடைய முடிவு இதுதான். நீங்கள் இருவரும் உழைக்கிறீர்கள், 450ஐ ஒதுக்க முடியும். இந்தக் கவர் வேண்டாம். அந்தக் காசில் வருடம் ஒரு முறை சேர்விஸ் செய்வியுங்கள், லண்டனில் 80 முதல் 120 பவுண்ட்ஸ். வருகிற என்ஜினியரின் நம்பரை வைத்துக்கொள்ளுங்கள். வருடாவருடம் உங்கள் பொயிலரைப் பார்க்கும் ஒருவர், குழந்தை இருக்கிறது என்று சொன்னால் இரவு ஒன்பது மணிக்கும் வருவார். நாங்கள் அப்படித்தான் போகிறோம்.

*

தம்பி, எனக்கு 73 வயது. இவர் போனபிறகு தனியத்தான் இருக்கிறன். சொந்த வீடு. பொயிலருக்கு 14 வயது. பென்ஷன் கிரெடிட் வருது. போன கிழமை ஒரு பெடியன் போன் எடுத்து, மாதம் 12 பவுண்ட்ஸ்தான், இண்டைக்கே வங்கி விபரத்தைத் தாங்கோ எண்டு கேட்டவன். நான் பிறகு எடுக்கச் சொன்னனான். குடுக்கலாமோ?
– ஒரு அம்மா, ஈஸ்ட் ஹாம்

அம்மா, கொடுக்காதேங்கோ. நல்ல நிறுவனமாக இருந்தாலும் தானாக வந்த தொலைபேசிக்கு வங்கி விபரம் சொல்ல வேண்டாம். அந்த ஆள் திரும்ப எடுத்தால், எல்லாவற்றையும் கடிதத்தில் அனுப்பச் சொல்லி வைத்துவிடுங்கள்.

ஆனால் உங்களுக்குக் காப்புறுதி வேண்டும். ஹாரோ தங்கச்சிக்கு வேண்டாம் என்று சொன்னவன் உங்களுக்கு எடுங்கள் என்கிறேன், காரணம் இருக்கிறது. ஜனவரியில் திடீரென்று 350 பவுண்ட்ஸ் கேட்டால் உங்களுக்கு அது பெரிய காசு. இரவில் என்ஜினியர் தேடி நாலு இடத்துக்குப் போன் பண்ணி ஆங்கிலத்தில் விலை பேசுவதும் கஷ்டம். ஒரே நம்பர், ஒரே ஆள், கையில் காசு கேட்காத ஏற்பாடு உங்களுக்குப் பெறுமதியானது.

எப்படிப்பட்டதை எடுப்பது? எக்ஸஸ் பூச்சியமாக இருக்க வேண்டும். வருடாந்த சேர்விஸும் அதற்குள் வர வேண்டும். பொயிலர் மட்டும் என்றில்லாமல் ரேடியேற்றர், குழாய், தெர்மோஸ்ராற் எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், 14 வயதுப் பொயிலரை ஏற்பார்களா என்பது. சிலர் 7 வருடத்தில் நிறுத்துவார்கள், சிலர் 10, சிலர் 15. வயதைக் கேட்காமலே காசு எடுத்துவிட்டு, பழுதான அன்று “உங்கள் பொயிலர் பழையது” என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் வயதை நீங்களே முதலில் சொல்லி, ஏற்கிறோம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மகனோ மகளோ மருமகளோ யாராவது ஒருவரை உங்கள் சார்பில் கதைக்க அனுமதிக்கப்பட்டவர் என்று பதிந்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் அவர்கள் எடுத்தாலும் நிறுவனம் விபரம் சொல்லாது.

புதிதாக எடுக்க முன், வீட்டுக் காப்புறுதிக் கடதாசியை யாரிடமாவது காட்டுங்கள். ‘ஹோம் எமேர்ஜென்சி’ என்று ஒரு பகுதி ஏற்கெனவே அதில் இருக்கலாம். ஹீற்றிங் முழுதாக நின்றால் அதற்குள் வரும், 500 அல்லது 1,000 பவுண்ட்ஸ் என்று ஒரு எல்லை போட்டிருப்பார்கள். இருந்தால் தனியாக இன்னொன்று தேவைப்படாமலும் போகலாம்.

காசில்லாமல் கிடைப்பதையும் விடாதீர்கள். குறைந்த வருமானத்துக்கு அரசு தரும் பென்ஷன் கிரெடிட் வாங்கும், சொந்த வீட்டில் இருக்கும் உங்களைப் போன்ற வயதானவர்களுக்கு காஸ் தரும் நிறுவனமே வருடம் ஒரு முறை இலவசமாகக் காஸ் பாதுகாப்புப் பரிசோதனை செய்ய வேண்டும். கேட்டால்தான் செய்வார்கள். அது முழு சேர்விஸ் அல்ல, ஆனால் நச்சுவாயு கசிகிறதா என்று தெரிந்துவிடும். அதே தொலைபேசியில், முதியவர்கள், நோயாளிகள் போன்றோருக்கு முன்னுரிமை உதவி தரும் ‘பிரயோரிட்டி சேர்விசஸ் ரெஜிஸ்டர்’ என்ற பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். 150 பவுண்ட்ஸ் வோர்ம் ஹோம் டிஸ்கவுண்ட் உங்கள் பில்லில் கழிகிறதா என்றும் கேளுங்கள். காஸ் மணம் வந்தால் காப்புறுதிக்காரருக்கு எடுக்க வேண்டாம். ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து, 0800 111 999 என்ற நம்பருக்கு எடுங்கள். எந்த நேரமும் வருவார்கள், காசில்லை. அவர்கள் கசிவை நிறுத்திப் பாதுகாப்பாக்குவார்கள், பொயிலரைத் திருத்த மாட்டார்கள்.

*

காப்புறுதி எடுத்து மூன்று வருடம் ஒழுங்காகக் காசு கட்டினேன் அண்ணா. கிளெய்ம் ஒன்றும் செய்யவில்லை. போன மாதம் ரேடியேற்றர் எல்லாம் நல்ல சூடு, குழாயில் மட்டும் வெதுவெதுப்பாகத் தண்ணீர் வந்தது. வந்தவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு “சுண்ணாம்பு, இது கவரில் இல்லை” என்று போய்விட்டார். இது நியாயமா?
– ஒரு வாசகர், இல்ஃபர்ட்

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. அந்த விதியும் அநேகமாக உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

லண்டன் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள்ளால் வருகிறது, கேத்தலுக்குள் பார்த்தாலே தெரியும். கிளாஸ்கோவில் கட்ரின் ஏரித் தண்ணீர் மிருது, அங்கே இந்தத் தொல்லை இல்லை. கொம்பிக்குள் ‘பிளேற் ஹீற் எக்ஸ்சேஞ்சர்’ என்று கையளவுப் பாகம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் ஹீற்றிங்கின் கொதிநீர், மறுபக்கம் நீங்கள் குளிக்கும் தண்ணீர், நடுவில் மெல்லிய தகடுகள். அந்த ஒடுக்கமான வழிகளில் சுண்ணாம்பு படிந்தால் சூடு கடக்காது. ரேடியேற்றர் சுற்றில் இன்னொரு வியாதி. இரும்பு கரைந்து கறுப்புச் சேறாகும். அது பம்பையும் வால்வையும் அடைக்கும். சுண்ணாம்பு, சேறு, துரு மூன்றையும் காலப்போக்கில் வரும் தேய்மானம் என்று சொல்லித்தான் பெரும்பாலான காப்புறுதிகள் ஒதுக்கி வைக்கின்றன. எங்கள் ஊர்த் தண்ணீரில் அடிக்கடி வரும் பழுது எதுவோ அதுவே வெளியே நிற்கிறது. விற்பவர்கள் இதை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது என் கருத்து.

ஆனாலும் பத்து நிமிடத்தில் சுண்ணாம்பு என்று எப்படிச் சொன்னார்? ரேடியேற்றர் சூடு, குழாயில் வெதுவெதுப்பு என்றால் டைவேர்ட்டர் வால்வ் பாதியில் இறுகி நின்றிருக்கலாம். சுடுதண்ணீரின் வெப்பத்தை அளக்கும் சென்சர் பிழையாகச் சொல்லலாம். பிளேற் அடைத்திருக்கலாம். முதல் இரண்டும் கவரில் வரும் பழுதுகள். எது என்று அறிய, பிளேற்றுக்கு உள்ளே போகும் குழாயிலும் வெளியே வரும் குழாயிலும் வெப்பத்தை அளந்து பார்க்க வேண்டும். அவர் அளந்தாரா? விலக்கு விதியைக் காட்டி மறுக்கிற காப்புறுதி நிறுவனம்தான் அந்த விதி பொருந்துகிறது என்று காட்ட வேண்டும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது அல்ல.

எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். என்ஜினியரின் அறிக்கையையும், எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்பதையும் கேளுங்கள். முடிந்தால் வேறொரு காஸ் சேஃப் என்ஜினியரைக் கொண்டு பார்க்கச் செய்து, காரணத்தை எழுதி வாங்குங்கள். நிறுவனத்துக்கு 8 கிழமை அவகாசம். அதற்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ நிதி முறைப்பாடுகளைத் தீர்க்கும் நடுநிலை அமைப்பான ஃபினான்ஷியல் ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை. நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, எல்லா வாசகர்களும் கவனியுங்கள். ‘பொயிலர் கவர்’ என்று விற்கப்படுவதெல்லாம் காப்புறுதி அல்ல. சில வெறும் சேவை ஒப்பந்தங்கள். காப்புறுதி என்றால் நிதிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்சிஏவின் பதிவேட்டில் அந்த நிறுவனம் இருக்கும். என்ன வரும், என்ன வராது என்று சுருக்கமாகச் சொல்லும் இரண்டு மூன்று பக்க ஆவணம் தருவார்கள். விலையில் 12 சதவீதம் காப்புறுதி வரி சேர்ந்திருக்கும். சேவை ஒப்பந்தமானால் 20 சதவீத வாற் வரி இருக்கும், ஒம்பட்ஸ்மன் கதவு பெரும்பாலும் திறக்காது, நிறுவனம் முறிந்தால் காப்புறுதிக்கு உள்ள பாதுகாப்பு நிதியும் இல்லை. அப்போது உங்களுக்குத் துணை 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டமும் சிறு வழக்கு நீதிமன்றமும்தான். சேவை ஒப்பந்தம் எல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை, நல்லவையும் உண்டு. எதில் கையெழுத்து வைக்கிறோம் என்று தெரிந்து வையுங்கள்.

*

நான் குரொய்டனில் வாடகை வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்காரர், “பொயிலர் கவரை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்” என்கிறார். எடுக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், குரொய்டன்

வேண்டாம். 1985ஆம் ஆண்டின் வீட்டுக்காரர்-வாடகைக்காரர் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, சாதாரண வாடகை வீட்டில் ஹீற்றிங்கையும் சுடுதண்ணீரையும் வேலை செய்யும் நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதினாலும் அந்தப் பொறுப்பு உங்கள் தலைக்கு மாறாது. வருடா வருடம் காஸ் பரிசோதனை செய்வித்து அதன் பத்திரத்தை உங்களுக்குத் தர வேண்டியவரும் அவர்தான். 2022 ஒக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் பொயிலர் இருக்கும் அறையில் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவுக்கான அலாரமும் அவர் வைக்க வேண்டும். கவுன்சில் வீட்டிலோ ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலோ இருப்பவர்களுக்கும் இதே பதில், கவர் வேண்டாம்.

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் அண்ணன்மார் ஒன்று கவனியுங்கள். உங்கள் சொந்த வீட்டுக்கு எடுத்த கவர் வாடகை வீட்டுக்குச் செல்லாது. அதற்கென்று தனியாக விற்கும் கவர் எடுக்க வேண்டும். காஸ் பத்திரமும் அதற்குள் வருகிறதா என்று கேட்டு எடுத்தால் மாதக் காசில் கொஞ்சம் நியாயம் இருக்கும்.

*

டிசம்பர் நடுப்பகுதியில் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போகிறோம். தைப்பொங்கல் முடிந்து திரும்புவோம், மொத்தம் ஆறு கிழமை. பொயிலர் கவர் இருக்கிறது, வீட்டுக் காப்புறுதியும் இருக்கிறது. பயமில்லைத்தானே?
– ஒரு வாசகி, டூட்டிங்

இரண்டையும் எடுத்து ‘அன்ஒக்குபைட்’ என்ற சொல்லைத் தேடுங்கள், ஆளில்லாத வீடு என்பதற்கான விதி அங்கே இருக்கும். பல ஒப்பந்தங்களில் 30 நாள், சிலவற்றில் 60 நாள். ஆறு கிழமை என்பது 42 நாள். உங்களுடையது 30 என்றால், 31ஆம் நாள் குழாய் வெடித்து வீடு நனைந்தாலும் அவர்கள் கைவிரிக்கலாம். போக முன்பே எடுத்துச் சொல்லுங்கள். சிலர் சும்மாவே நீடித்துத் தருவார்கள், சிலர் கொஞ்சம் காசு கேட்பார்கள். பக்கத்து வீட்டவர் வந்து பார்ப்பார் என்றாலும் வீட்டில் ஆள் இருப்பதாக அவர்கள் எடுக்க மாட்டார்கள். ஆனால் கிழமைக்கு ஒரு முறை யாராவது வந்து பார்த்துக் குறித்து வைப்பது எப்படியும் நல்லது, சில ஒப்பந்தங்களில் அது நிபந்தனையே.

ஹீற்றிங்கை முழுதாக நிற்பாட்டிவிட்டுப் போகாதீர்கள். காசு மிச்சம் என்று நம்மவர்கள் பலர் செய்வது இது. எத்தனை பாகையில் விட வேண்டும் என்று வீட்டுக் காப்புறுதியிலேயே எழுதியிருப்பார்கள், அந்த எண்ணில் விடுங்கள். பொயிலருக்குள் உறைபனிக் காவல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது பொயிலரைக் காக்கும், கூரைக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயைக் காக்காது. உங்களுடையது கொம்பி என்றால் வீட்டுக்குள் தண்ணீர் வரும் ஸ்டொப்கொக்கை மூடிவிட்டுப் போகலாம். ஹீற்றிங் தன் சொந்தத் தண்ணீரில் மூடிய சுற்றாக ஓடுவதால் அது பாட்டுக்கு ஓடும்.

வெளிச்சுவரில் போகும் வெள்ளை பிளாஸ்ரிக் குழாயையும் பாருங்கள். 2005க்குப் பிறகு பூட்டிய பொயிலர்கள் அநேகமாக எல்லாம், புகையின் நீராவியை நீராக்கிச் சூட்டை மீட்கும் கொண்டென்சிங் வகை. அவற்றிலிருந்து சொட்டும் நீர் இந்தக் குழாயால்தான் வெளியேறுகிறது. ஒடுக்கமான குழாயாக இருந்தால் கடுங்குளிரில் உறைந்து பொயிலர் நின்றுவிடும். 2010 டிசம்பரிலும், 2018 மார்ச் தொடக்கத்தில் வந்த குளிரிலும் எங்களுக்கு வந்த தொலைபேசிகள் பெரும்பாலும் இதற்குத்தான். வைலண்டில் F28, வோர்ஸ்டரில் EA என்று பற்றவைக்க முடியாத குறியீடு தெரியும், உள்ளே கொடகொடவென்று சத்தம் கேட்கும். நிலத்தில் நின்று எட்டக்கூடிய குழாய் என்றால் வெதுவெதுப்பான நீரை மேலே ஊற்றுங்கள். கொதிநீர் வேண்டாம், வெடித்துவிடும். ஐஸ் கரைந்ததும் ரீசெற் பட்டனை அழுத்தினால் பொயிலர் தொடங்கும். இதற்காக எக்ஸஸ் கட்டி ஆளைக் கூப்பிடத் தேவையில்லை. போக முன் அந்தக் குழாய்க்கு வெளியில் போடக்கூடிய தடித்த உறை ஒன்று போடச் சொல்லுங்கள், மாற்றுவதானால் 32 மில்லிமீற்றர் குழாய் போடச் சொல்லுங்கள்.

*

புதுப் பொயிலர் பூட்டினோம். பூட்டிய நிறுவனமே மாதம் 18 பவுண்ட்ஸுக்குக் கவரும் எடுக்கச் சொல்கிறது.
– ஒரு வாசகர், லெஸ்ரர்

தேவையில்லை. தயாரிப்பாளரின் உத்தரவாதம் இருக்கும் வரை பொயிலருக்கு அதுவே கவர். பூட்டியவர் உத்தரவாதத்தைப் பதிந்துவிட்டாரா என்று மட்டும் பாருங்கள். பொதுவாக 30 நாட்களுக்குள் பதிய வேண்டும், விட்டால் வருடங்கள் குறைந்துவிடும். காஸ் சேஃப் மூலம் கட்டட விதிச் சான்றிதழும் தபாலில் வர வேண்டும், வீடு விற்கும் நாளில் அதைக் கேட்பார்கள். கவரை ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா? அது காப்புறுதி என்றால் 14 நாட்களுக்குள் நிறுத்தலாம்.

*

பொயிலரில் பிரஷர் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை விழுகிறது. நான்தான் தண்ணீர் விட்டு ஏற்றுகிறேன். இப்போது காப்புறுதி எடுத்து அடுத்த மாதம் கூப்பிட்டால் இலவசமாகத் திருத்துவார்களா?
– ஒரு வாசகர், கொவென்ட்ரி

திருத்த மாட்டார்கள், தம்பி. எடுக்க முன்பே இருந்த பழுது எந்தக் காப்புறுதியிலும் வராது. இப்படி வருகிறவர்களுக்காகவே முதல் 14 அல்லது 30 நாளுக்குக் கிளெய்ம் செய்ய முடியாது என்று வைத்திருக்கிறார்கள். அது முடிந்து கூப்பிட்டாலும், தண்ணீர் ஏற்றி ஏற்றி ஓடிய அடையாளத்தை வருகிற என்ஜினியர் கண்டுபிடித்துவிடுவார். பழுது இருக்கிறதா என்று கேட்டபோது இல்லை என்று சொல்லியிருந்தால் கட்டிய காசும் வீண்.

பிரஷர் ஏன் விழுகிறது என்று பாருங்கள். குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். சூடேறும்போது 2 வரை போய், ஆறியதும் திரும்ப இறங்கினால் சரி. சூடேறும்போது 3 பார் வரை எகிறினால், தண்ணீர் விரிய இடம் கொடுக்கும் எக்ஸ்பான்ஷன் வெசலில் காற்றுப் போயிருக்கும். பாதுகாப்பு வால்வ் திறந்து, வெளிச்சுவரில் இருக்கும் செப்புக் குழாயால் தண்ணீர் கொட்டும். அந்தக் குழாயின் வாயில் ஒரு பிளாஸ்ரிக் பையை இரவு கட்டிவிடுங்கள். காலையில் பைக்குள் தண்ணீர் இருந்தால் வெசல் அல்லது வால்வ். வெசலுக்குக் காற்றடிப்பது ஒரு சேர்விஸோடு முடிகிற வேலை. பை காய்ந்திருந்தால் ரேடியேற்றர் வால்வுகளின் அடியில் ரிஷு பேப்பர் சுற்றிப் பாருங்கள், எங்கே நனைகிறதோ அங்கேதான் கசிவு. அங்கும் இல்லை என்றால் தரைக்கு அடியில் ஓடும் குழாயாக இருக்கலாம், அதற்கு ஆள் வேண்டும்.

தண்ணீர் ஏற்றிக்கொண்டே நாளைக் கடத்தாதீர்கள். புதுத்தண்ணீரோடு புது ஒட்சிசன் உள்ளே போகிறது, ரேடியேற்றர் உள்ளுக்குள் துருப்பிடிக்கிறது. இல்ஃபர்ட் தம்பிக்குச் சொன்ன கறுப்புச் சேறு அங்கேதான் தொடங்குகிறது. காப்புறுதிக்குக் கட்ட நினைத்த முதல் சில மாதக் காசைக் கொடுத்து இந்தக் கிழமையே ஒரு காஸ் சேஃப் என்ஜினியரைக் கூப்பிடுங்கள். கதவைத் திறந்ததும் அவருடைய அட்டையை வாங்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள். எந்த வேலைக்கு அவருக்குத் தகுதி உண்டு, எந்தத் திகதி வரை செல்லும் என்று அங்கே இருக்கும்.